முதல் வாய் காகத்துக்கு

என் கணவருக்குச் சனி பகவானிடம் பயம். என்னிடமும் பயம் என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்வார். ஆனால் என் பேச்சைக் கேட்டு அவர் ஒரு நேரச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டது கிடையாது. சனி பகவானுக்காகத் தள்ளிப்போடுவார். புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமைகளில் காலையிலேயே தலை தோய்ந்து, கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வருவார். நான் சமைத்து முடித்ததும் ஒரு வாழையிலைத் துண்டில் சோறும் எல்லாக் கறியிலும் கொஞ்சமும் எடுத்து, எங்கள் நாலாம் மாடிப் பல்கனிச் சுவரில் கொண்டுபோய் வைப்பார். காகம் வந்து வாய் வைக்க வேண்டும். பிறகுதான் அவர் சாப்பிடுவார். அவர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம்.

கேட்க நல்ல வழக்கம்தான். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்க யாழ்ப்பாணத்து ஆட்கள். புரட்டாதிச் சனி மத்தியானம் மாடிக்கு மாடி இலை. காகங்களுக்கு அன்றைக்கு ஒரே நேரத்தில் பத்து வீட்டில் கலியாணம். அவை எதற்கு அவசரப்படப் போகின்றன? கடற்கரைப் பக்கமிருந்து ஆறுதலாக வந்து, கரண்ட் கம்பியில் இருந்து, எந்த வீட்டில் வடை என்று பார்த்துத்தான் இறங்கும். எங்கள் இலைக்கு வந்து சோற்றைக் கொஞ்சம் கிளறிவிட்டு, பிடிக்காமல் எழும்பிப் போனதும் உண்டு. அன்றைக்கெல்லாம் என் சமையலில்தான் பிழை என்று தீர்ப்பு வரும்.

எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது பசி தாங்கமாட்டாள். பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கா... கா..." என்று கூப்பிடுவாள். தொண்டையில் எங்கிருந்தோ எடுக்கிற ஒரு கரகரத்த குரல் அது. எதிர் மாடியில் தின்றுகொண்டிருக்கும் காகமும் அந்த இலையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் பறந்து வரும். ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து மாடிக்காரருக்கு எங்களோடு கொஞ்சக் காலம் முகம் கொடுத்துக் கதைக்க மனமில்லாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சனீஸ்வரன் கொடுத்த வரம் என்று என் கணவர் பெருமைப்படுவார். பசி கொடுத்த வரம் என்று நான் சொல்லுவேன்.

அந்த மகளுக்குத்தான் இந்த வருடம் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. கிருலப்பனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் மகளும் மருமகனும் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் தினமும் ஆட்டோ பிடித்துப் போய், பிள்ளையைக் குளிப்பாட்டி, மகளைப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் வார்த்தால்தான் குசினிக்குள் நுழைந்து சமைக்கலாம். ஏனென்றால் அங்கே பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு; இங்கே விரதம்.

என் கணவரோ பேத்தியைப் பார்க்கவே இல்லை. பிறந்த முப்பத்தொன்றாம் நாள் ஐயர் வந்து துடக்குக் கழித்த பிறகுதான் பார்ப்பாராம். பிரசவம் சுகமாக நடக்க வேண்டும், பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் இந்த முறை விரதத்தைக் கடுமையாகப் பிடித்தார். பிள்ளைக்காகப் பிடித்த விரதம் பிள்ளையைப் பார்க்க விடவில்லை. சனி பகவான் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார். நானும் சிரித்தேன், ஆனால் அவர் இல்லாத இடத்தில்.

ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் அறைக்குள் தலையணை ஒன்றைக் கைகளில் ஏந்திக்கொண்டு நின்றார். ஒரு கை தலைக்கு, ஒரு கை முதுகுக்கு. என்னைக் கண்டதும் தலையணையைக் கட்டிலில் போட்டு, உறை ஊத்தையாக இருக்கிறது, கழற்றப் பார்த்தேன் என்றார். உறை அன்று காலையில்தான் மாற்றியது. மகளைக் கடைசியாகத் தூக்கியது எத்தனை காலத்துக்கு முன், கை மறந்திருக்கும் என்று அவருக்குப் பயம் என்பது எனக்கு விளங்கியது.

முப்பத்தொன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதற்கு முந்திய வாரச் சனிக்கிழமை. இலை வைத்தாயிற்று. அன்றைக்கு வடையும் இருந்தது. ஒரு காகம் வந்தது, ஆனால் சாப்பிடவில்லை. இலைக்குப் பக்கத்தில் தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நின்றது. செட்டைகள் தொங்கிக் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பல்கனித் தரையில் பொத்தென்று விழுந்தது.

நான் குசினியிலிருந்து ஓடி வருவதற்குள் அவர் அதை இரண்டு கைகளாலும் தூக்கி மடியில் வைத்துவிட்டார். கரண்டியால் அதன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"குடி ராசா. ஒரு பருக்கை தின்னு ராசா."

"விடுங்கோ அதை! கையால தொடாதேங்கோ!" என்று கத்தினேன்.

"பாவமப்பா. விரத நாளில வாசலுக்கு வந்த சீவன்."

கொஞ்ச நேரத்தில் அது அவர் மடியிலேயே செத்துப்போனது. அவருடைய கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடேயே என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒரு பருக்கை வாய்க்குள்ள எடுத்தது. நான் கண்டனான்" என்றார். அதாவது இனித் தான் சாப்பிடலாம் என்று அர்த்தம். பட்டினி கிடக்கிற மனிதருக்குச் சாட்சியும் அவரே, நீதவானும் அவரே.

நான் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வைரசு என்பது உயிருள்ளதும் இல்லை, உயிரற்றதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் கிடப்பது என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் விரத நாளில் மத்தியானத்துக்கு மேல் என் கணவர் சாய்மனைக் கதிரையில் கிடக்கிற கோலம் ஞாபகம் வரும். பிராணிகளின் வைரசு மனிதருக்கு வருமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரும்பாலும் வராது, சில வேளை வரும் என்பேன். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு பிளாட்டின் திறப்பு இன்னொரு பிளாட்டைத் திறக்காது. ஆனால் எப்போதாவது ஒன்று திறந்துவிடும். பறவையின் வைரசும் அப்படித்தான். நோயாளிப் பறவையைக் கையால் அளைந்து, அதன் எச்சிலும் எச்சமும் பட்டு, அந்தக் கை மூக்குக்கும் கண்ணுக்கும் போனால், திறப்பைக் கொண்டுபோய்க் கதவில் செருகிப் பார்ப்பது போலத்தான். இவ்வளவும் தெரிந்த ஒருத்தியின் புருஷன்தான் காகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவ வைத்தேன். கழுவியது போதாது என்று திரும்பவும் கழுவ வைத்தேன். வேட்டியைக் கொதிதண்ணீரில் போட்டேன். அதற்குள் எங்கள் மாடியிலேயே எதிர் பிளாட்டுக் கதவு திறந்தது. அங்கே இருப்பவர் என் வயதை ஒத்த ஒரு முஸ்லிம் பெண்மணி. புடவைக் கடைக்காரரின் மனைவி. பெருநாளுக்கு வட்டிலப்பம் அங்கிருந்து இங்கே வரும். பொங்கலுக்குப் பொங்கல் இங்கிருந்து அங்கே போகும்.

"டீச்சர், செத்த காகத்த அவர் கையால தொட்டாரா? செய்தியில பாக்கல்லையா நீங்க? குருவிக் காய்ச்சல் மனிசருக்கும் வாரதாமே. நான் எங்கட லவ்பேர்ட்ஸ் கூட்ட உள்ளுக்கு எடுத்துட்டேன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கையுறை போட்ட இருவர் வந்து, காகத்தைப் பையில் இட்டு, இன்னொரு பையில் இட்டு, பரிசோதனைக்கு என்று கொண்டுபோனார்கள். காய்ச்சல் வந்தால் உடனே டொக்டரிடம் காட்டி, காகத்தைத் தொட்டதையும் சொல்லச் சொன்னார்கள். பல்கனியில் ப்ளீச் தெளித்தார்கள். என் கணவர் அந்த மணத்திலேயே பின்னேரம் வரை இருந்து காகத்துக்காகத் துக்கம் காத்தார்.

மறுநாள் பின்னேரம் மருமகன் வந்தார். மகளின் இராச் சாப்பாட்டுக்கு நான் சமைக்கும் பத்தியக் கறியை வந்து எடுத்துக்கொண்டு போவது அவருடைய வேலை. துடக்கு வீட்டுக்காரர் என்பதால் உள்ளே வரமாட்டார். வாசற்படிக்கு வெளியே நிற்பார், நான் பாத்திரத்தை நீட்டுவேன். மருமகன் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தால் அதை எனக்கும் காட்டுங்கள், நான் பார்க்க வேண்டும். அன்றைக்குக் காகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வாசலில் நின்றபடியே பிரசங்கம் தொடங்கிவிட்டார்.

"மாமி, இது விளையாட்டில்லை. இதெல்லாம் பாய்ஞ்சு வாற வைரஸ்..." ஒரு தும்மல். "மாமா ஏன் தொட்டவர்?" இன்னொரு தும்மல். "எனக்கு டஸ்ட் அலர்ஜி. உங்கட ரோட்டில ஒரே தூசி."

பிரசங்கம் முடிந்ததும் பேத்தியின் புதுப் படங்கள் இருக்கின்றன என்றார். அவ்வளவுதான். துடக்கு, தீட்டு என்று வாசலிலிருந்து எட்டி நின்ற என் கணவர் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார். போனுக்குத் துடக்கு இல்லையாம். மருமகனும் அவரும் தலையோடு தலை முட்ட நின்று பார்த்தார்கள். பிள்ளை கொட்டாவி விடுகிற படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அதே விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குக் காய்ச்சல். உடம்பு உளைவு, தொண்டை நோவு, இருமல்.

அந்தச் செய்தி எப்படி மாடி மாடியாக இறங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் மருந்து வாங்கக் கீழே போகும்போது, லிஃப்டுக்குள் நின்ற இரண்டு பேர் வெளியே வந்து, படியால் நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்த லிஃப்டுக்காகக் காத்து நின்றே எனக்குக் கால் வீங்கியிருக்கிறது. அந்த வாரம் முழுக்க அது எனக்கு மட்டும் ஓடியது. பொய் ஏன் சொல்ல வேண்டும், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிர் பிளாட்டுப் பெண்மணி மட்டும் பயந்துகொண்டே கைவிடாமல் இருந்தார். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரைப் போத்தலில் விட்டு, பையில் போட்டு, எங்கள் கதவுப் பிடியில் கொளுவிவிட்டு, பெல்லை அடித்துவிட்டு ஓடுவார். அந்த உடம்போடு அவர் ஓடியதை நான் கதவு ஓட்டையால் பார்ப்பேன்.

என் கணவரை அறைக்குள் தனியாக விட்டேன். எனக்கு உண்மையாகவே பயம். படிப்பித்ததெல்லாம் இரவில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவருக்கோ சாவுப் பயம் வரவில்லை, வேறு பயம். கதவுக்கு உள்ளிருந்து கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமைக்கிடையில மாறிடுமே?"

"முதல்ல டொக்டரிட்டக் காட்டுவம்."

"பிள்ளையை ஒருக்காத் தூக்கினால் போதும். மற்றதெல்லாம் பிறகு பாப்பம்."

மகள் போன் எடுத்தாள். "அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். நீங்களும் இப்ப வரவேண்டாம். எனக்குச் சொல்ல விருப்பமில்லை, ஆனால் பிள்ளை பச்சைப் பிள்ளை." அவள் சொன்னது சரி. சரியான சொல்லும் சுடும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதை நான் போய்ச் சொன்னபோது, "கெட்டிக்காரி. அப்பிடித்தான் இருக்க வேணும்" என்றார். பிறகு நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையணை தலைக்குக் கீழே இல்லை, கைக்குள் இருந்தது.

அன்று பின்னேரமே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியில் மருமகனின் குரல் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. காகம், வெளவால், குரங்கு என்று ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பதிவு. இடையிடையே தும்மலும் பதிவாகியிருந்தது. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்தப் பெடியனுக்கு எவ்வளவு அறிவு என்றார்.

காகக் கதையைச் சொன்னதும் எங்களைத் தனி அறையில் இருத்தினார்கள். டொக்டர் ஒரு இளம் பெண். முகமூடியும் கண்ணாடியுமாக வந்து, பஞ்சுக் குச்சியை மூக்குக்குள் விட்டு எடுத்தார். அடுத்த நாள் முடிவு வந்தபோது எங்களை மட்டுமல்ல, நிலைமையைக் கேட்க வந்திருந்த மருமகனையும் அறை வாசலில் வைத்துக்கொண்டுதான் கதைத்தார்.

"காகத்தைத் தொட்டதைச் சொன்னது நல்ல வேலை. பறவையின்ர வைரஸ் ஆக்களுக்கு வராது எண்டு நான் சொல்லமாட்டன். வரலாம், அரிதாத்தான். அதாலதான் வடிவாப் பாத்தனாங்கள். அங்கிளுக்கு இருக்கிறது அது இல்லை. ஆளுக்காள் பரவுற சாதாரண இன்ஃப்ளுவென்சா. இது காகத்திட்ட இருந்து வரேல்லை, ஆரோ மனிசரிட்ட இருந்து வந்தது. போன கிழமைக் கடைசியில தடிமன், தும்மல் எண்டு ஆராவது வீட்டை வந்தவையோ?"

நான் வாயைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லை. வாசலில் நின்ற மருமகன் தும்மினார்.

நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "டஸ்ட்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. துடக்குக்காக வாசலில் நின்ற மனிதர்தான். துடக்கு வாசலோடு நின்றது, தும்மல் நிற்கவில்லை. மூக்குக்குள் குச்சி விடுவதற்கு அவரையும் கதிரையில் இருத்தினார்கள். அவருக்கும் அதேதான். என் கணவர் மட்டும், "அவர் என்ன வேணுமெண்டே செய்தவர்?" என்று மருமகனுக்காக வாதாடினார். பிறகு மிருக வைத்திய அலுவலகத்திலிருந்தும் போன் வந்தது. காகத்துக்குப் பறவைக் காய்ச்சல் இல்லை. ஏதோ நஞ்சைத் தின்றிருக்கிறது, எலிப் பாசாணமாக இருக்கலாம் என்றார்கள். காகம் விடுதலை. எங்கள் மாடியில் எல்லாருக்கும் இதைச் சொன்னேன். லிஃப்டில் திரும்பவும் இடம் இல்லாமல் போய்விட்டது.

ஆனால் டொக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியவர்களுக்குச் சாதாரணமானது பச்சைப் பிள்ளைக்குச் சாதாரணம் இல்லை. இருமல் முற்றாக நிற்கும் வரை அங்கிள் பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாது. மருமகன் அந்த நாட்களில் தன் தாய்தகப்பன் வீட்டில் போய்ப் படுத்தார். அவருக்கு முந்தியே வந்ததால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாறிவிட்டது. ஆனாலும் பிள்ளைக்கு எட்டத்தில், முகமூடியோடுதான் நின்றார். என் கணவருக்குக் காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. எனக்கு ஒன்றும் தொற்றவில்லை, அதனால் அந்த ஞாயிறு நான் போவதாகவும் அவர் வீட்டிலேயே இருப்பதாகவும் முடிவு. தானே சொன்னார். பிள்ளைக்கென்று வாங்கி வைத்த வெள்ளி அரைஞாணை என் கையில் தந்து, கட்டும்போது இறுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மகள் வீட்டுக்கு ஐயர் வந்து, புண்ணியாகவாசனம் செய்து, வீடு முழுக்க மாவிலையால் தண்ணீர் தெளித்தார். பிள்ளையைத் தொட்டிலில் இட்டோம். சம்பந்தி வீட்டார் எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். நான் பல்கனிப் பக்கம் தற்செயலாகப் போனவள் கீழே பார்த்தேன். கேற்றுக்கு வெளியே, மதிலோரம், வேட்டி சால்வையோடு, முகமூடி போட்டுக்கொண்டு என் கணவர் நின்றார்.

போன் எடுத்தேன். "என்ன செய்யிறியள் இஞ்ச?"

"சும்மா ரோட்டில நிக்கிறன். ரோட்டில நிக்கப்படாது எண்டு டொக்டர் சொல்லேல்லையே."

இந்த மனிதரைத் திட்டுவதற்கு எனக்கு ஒருநாளும் சொல் பஞ்சம் வந்ததில்லை. அன்றைக்குத் திட்டாமல் போனை வைத்தேன். மகளிடம் சொன்னேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே போனாள். இலையில் கை வைக்கப்போன மாமனாரைப் பார்த்து, "மாமா, குறை நினைக்காதேங்கோ. இன்னும் ஒருத்தரும் தொடவேண்டாம்" என்றாள். ஒரு வாழையிலைத் துண்டை எடுத்தாள். சோறு வைத்தாள், எல்லாக் கறியிலும் கொஞ்சம் வைத்தாள், வடை வைத்தாள். அதைப் புருஷனின் கையில் கொடுத்தாள்.

"கீழ கொண்டுபோய் மதிலில வையுங்கோ. வைச்சிட்டுத் தள்ளி நில்லுங்கோ."

உலகமெல்லாம் தெரிந்த மருமகன் ஒரு கேள்வியும் கேட்காமல் இலையோடு படியிறங்கினார். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு வந்தாள். மதிலில் இலை வைத்ததும், தொண்டையில் எங்கிருந்தோ அந்தப் பழைய கரகரத்த குரலை எடுத்தாள்.

"கா... கா..."

பந்தியில் சம்பந்தி அம்மா வாயைப் பொத்தினார். உயிரோடு இருக்கிற மனிதரை இப்படிக் கூப்பிடலாமா என்று என் நெஞ்சும் ஒருக்காத் திடுக்கிட்டது; காகத்துக்கு வைப்பது இறந்துபோனவர்களுக்கு வைப்பதும்தானே. ஆனால் கீழே நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது, இருமலை மற்றப் பக்கம் திரும்பி இருமினார். மகள் பிள்ளையின் முகத்தை மறைத்த துணியை விலக்கி அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் கைகள் தாமாகவே எழுந்தன. ஒரு கை தலைக்கு, ஒரு கை முதுகுக்கு. வெறும் கைகளோடு அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

"அப்பா, பசிக்குது. கெதியா வாய் வையுங்கோ" என்று மகள் மேலேயிருந்து சொன்னாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அவர் முகமூடியை இறக்கினார். கண்ணைத் துடைத்தார். மதிலோரம் நின்றபடி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

மகள் உள்ளே திரும்பினாள். "அப்பா சாப்பிட்டிட்டார். இனி எல்லாரும் சாப்பிடுங்கோ" என்றாள். காத்திருந்த பந்தி முழுவதும் அப்போதுதான் சோற்றில் கை வைத்தது.